திப்புவோட போர்க்கப்பல் திமிங்கிலம் புடிக்கப் போன கதை - 'செரிங்கபட்டம்' பத்தி பேசலாம் வாங்க

உப்புக்காத்து:
திப்பு சுல்தான்னா ராக்கெட்டு, புலி பொம்மை, இந்த ரெண்டத் தாண்டி நம்மாளுங்க பேசறதே இல்ல. அதனால இந்த இழை. 1799ல அவருக்காக தேக்குல கட்டின ஒரு போர்க்கப்பல் இருந்துச்சு. அதே வருஷம் மே 4ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்து அவரும் போயிட்டாரு, கப்பல் வெள்ளைக்கார வியாபாரிங்க கைக்கு வந்துச்சு, அவங்க இங்கிலாந்துக்கு ஓட்டிட்டுப் போயி அரசாங்கத்துக்கே தள்ளிவிடப் பாத்தாங்க, பேரம் படியல. கடைசியில மெல்லிஷ்னு ஒரு லண்டன் கப்பல் முதலாளி வாங்கி தெற்குக் கடல் (தென் பசிபிக் பக்கம்) திமிங்கில வேட்டைக்கு அனுப்பிட்டாரு. பேரு 'செரிங்கபட்டம்'. 357 டன்னு.

இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன். 1813ல அமெரிக்க கடற்படை இத புடிச்சு மறுபடி பீரங்கி ஏத்தி போர்க்கப்பலாக்குச்சு, 1814ல கப்பல்ல இருந்தவங்களே கலகம் பண்ணி சிட்னிக்கு ஓட்டிட்டுப் போனாங்க, அங்கேருந்து பழைய முதலாளிகிட்ட திரும்பிப் போயி 1846 வரைக்கும் திமிங்கிலம், அதுக்கப்புறம் சாதா சரக்கு. 1860 வாக்குல கூட ஓடிட்டு இருந்திருக்கு. அறுபது வருஷம் ஓடின மரக்கப்பல்ங்க! யாருக்காச்சும் இத பத்தி தெரிஞ்சா கொட்டுங்க, நானும் ஒவ்வொண்ணா எழுதறேன்.

சும்மாபடிக்கிறவன்:
சூப்பர் தல. ஒரே ஒரு டவுட்டு, பீரங்கி வைக்க கட்டின கப்பல எதுக்கு திமிங்கிலம் புடிக்கறவன் வாங்கணும்? சரக்கு ஏத்தறவன் வாங்கினா கூட புரியுது.

தச்சன்மகன்:
@சும்மாபடிக்கிறவன் தம்பி, நீங்க தலைகீழா கேக்கறீங்க. சரக்கு ஏத்தறவனுக்குத்தான் போர்க்கப்பல் பிரயோஜனப்படாது. போர்க்கப்பலோட அடிவயிறு ஒடுக்கமா, தண்ணிய கிழிச்சிட்டு வேகமாப் போற மாதிரி இருக்கும், அதனால சரக்கறை சின்னது. சரக்குக் கப்பலுக்கு வேண்டியது பெட்டி மாதிரி அகலமான வயிறு, குறைஞ்ச ஆளு, குறைஞ்ச சம்பளம். மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஜீப்புல வாழைத்தார் ஏத்தற கதைதான், ஓடும், ஆனா கட்டுப்படியாகாது.

திமிங்கில வேட்டைக் கணக்கு வேற. அதுக்கு ஆளு நிறைய வேணும், ஏன்னா திமிங்கிலத்த கப்பல்லேருந்து குத்த மாட்டாங்க, சின்னப் படகுகள இறக்கி அதுல துடுப்பு போட்டு கிட்டப் போயி ஈட்டி எறியணும், மூணு நாலு படகு ஒரே நேரத்துல எறங்கும். அத்தன பேரும் தூங்க இடம் வேணும், போர்க்கப்பல்ல அது ஏற்கெனவே இருக்கு. அப்புறம் மேல்தளத்துலயே செங்கல் அடுப்பு கட்டி பெரிய பெரிய கொப்பரையில கொழுப்ப உருக்குவாங்க. மரக்கப்பலுக்கு மேல ராப்பகலா எரியற அடுப்பு, யோசிச்சுப் பாருங்க! அந்த எடையத் தாங்க தளம் கெட்டியா இருக்கணும், பீரங்கி தாங்கின தளத்துக்கு இதெல்லாம் தூசு. ஒரு பயணம்னா ரெண்டு மூணு வருஷம், தென் அமெரிக்காவோட தெக்கு முனை கேப் ஹார்ன சுத்தி பசிபிக் போயி வரணும், அந்த அலையில லொடலொட கப்பல் தாங்காது. உருக்கின எண்ணெய மரப்பீப்பாயில அடைச்சு கீழ இறக்கிட்டே வருவாங்க, பீப்பா ரொம்பினாத்தான் வீடு திரும்பறது. சம்பளமும் மாசக் கணக்கு கிடையாது, வித்த எண்ணெயில பங்கு.

இன்னொண்ணு, அந்தக் காலத்துல தெற்குக் கடலுக்குப் போற திமிங்கிலக் கப்பல் பாதி ஆயுதத்தோடதான் போகும். ஃபிரான்ஸ்காரன், ஸ்பெயின்காரன், எவன் கூட எப்ப சண்டைன்னே தெரியாது. செரிங்கபட்டம் மாட்டினப்ப 14 பீரங்கி வச்சிருந்துச்சு. முழுசா வியாபாரக் கப்பலா மாறவே இல்லன்னு சொல்லலாம்.

ஏட்டுச்சுவடி:
நல்ல இழை. ஆனா அந்த முதல் வரிய நான் அப்படியே முழுங்க மாட்டேன். "திப்புவுக்காக கட்டின போர்க்கப்பல்"னு யாரு சொன்னது? அமெரிக்க கேப்டன் டேவிட் போர்ட்டர் 1815ல வெளியிட்ட பயணப் புத்தகத்துல, திப்பு சாயிபுக்காக ரோந்துக் கப்பலா கட்டினதுன்னு எழுதறாரு. அவரு யாரு? இந்தக் கப்பல புடிச்ச ஆளு. நான் புடிச்சது சாதா எண்ணெய்க் கப்பல் இல்ல, ஒரு ராஜாவோட போர்க்கப்பல்னு சொன்னா யாருக்குப் பெருமை? நீங்களே சொல்லுங்க.

அடுத்தது சைஸு. திப்பு 1790கள்ல போட்ட கடற்படைத் திட்டம் 20 பெரிய போர்க்கப்பல், 20 ஃபிரிகேட் (அதுக்கு அடுத்த சைஸு, வேகமான போர்க்கப்பல்). பெரியதுல 72 பீரங்கி. 357 டன்னுல அதுல எதுவும் அடங்காது. போர்ட்டரோட கப்பல் எஸெக்ஸ் சின்ன ஃபிரிகேட்டுன்னு பேரு வாங்கினது, அதுவே 850 டன்.

மைசூர்பாகு:
@ஏட்டுச்சுவடி திப்பு பேரு வந்தாலே உடனே ஆதாரம் எங்கேன்னு கெளம்பிடறீங்களே. பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் கப்பல்னா கேப்பீங்களா? கடற்படைன்னா 72 பீரங்கிக் கப்பல் மட்டுமா, தூது கொண்டு போக, கரையோரம் ரோந்து சுத்த, வியாபாரக் கப்பலுக்குக் காவல் போக சின்னக் கப்பல் வேணாமா? போர்ட்டர் சொன்னதும் "ரோந்துக் கப்பல்"தானே, பெரிய போர்க்கப்பல்னு சொல்லலையே.

திப்பு கடலப் பாத்தது வெத்து ஆசையில்ல. அவங்க அப்பா ஹைதர் அலி சேத்து வச்ச கப்பல்கள 1780 டிசம்பர்ல மங்களூர்லயே வச்சு அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் கொளுத்திட்டாரு. அந்தப் பாடம் இவருக்குத் தெரியும். கம்பெனிகிட்ட தோத்துப் போட்ட 1792 ஒப்பந்தத்துல மலபார் கரை முழுக்க கம்பெனிக்குப் போச்சு, நம்ம பக்கம் திண்டுக்கல்லு, பாராமகால் (சேலம், கிருஷ்ணகிரி பக்கம்) எல்லாம் அதே கையெழுத்துலதான் போச்சுங்கறதையும் சேத்துப் படிங்க. மிச்சம் இருந்தது கனரா கரை, மங்களூரு. அந்தக் கையகலக் கரைய வச்சுக்கிட்டு, கடற்படைக்குன்னே 'மீர் யம்' அப்படிங்கற 11 பேரு கொண்ட வாரியம் போட்டு, கப்பல் தளம் அமைச்சு, கப்பல் அடியில செப்புத் தகடு அடிக்கணும்னு வரைக்கும் உத்தரவு எழுதி வச்சாரு. அவரு காலத்துல இந்தியாவுல வேற எந்த ராஜா இப்படி யோசிச்சாரு?

ஏட்டுச்சுவடி:
@மைசூர்பாகு யோசிச்சாருன்னு நானும் ஒத்துக்கறேன் பாஸ். உத்தரவு எழுதறது வேற, கப்பல் மிதக்கறது வேற, அவ்வளவுதான். பேரையும் பாருங்க. தன்னோட தலைநகர் பேர இங்கிலீஷ்காரன் உச்சரிக்கற மாதிரி திப்பு தன் கப்பலுக்கு வைப்பாரா? அது ஜெயிச்சவன் வச்ச பேரு. அந்த வருஷம் லண்டன்ல அந்தப் பேருக்கு ஒரு மவுசு இருந்துச்சு, திப்புவோட கப்பல்னு சொல்லி வித்தா ரேட்டு ஏறும்ல. நான் பொய்னு சொல்லல. கூடவே ஒரு வியாபார வாசனையும் அடிக்குதுன்னுதான் சொல்றேன்.

மட்டுறுத்துநர்:
திப்பு நல்லவரா கெட்டவரான்னு வந்த 6 பதிவ தூக்கியாச்சு. அதுக்கு வேற இழை இருக்கு, அங்க போயி அடிச்சுக்கோங்க. இங்க கப்பல் மட்டும்.

உப்புக்காத்து:
நன்றி மட்டு. விட்ட இடத்துலேருந்து.

1812ல அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் சண்டை ஆரம்பிச்சது. எஸெக்ஸ் ஃபிரிகேட்டோட கேப்டன் போர்ட்டர், தெக்க இறங்கினவரு, மத்த அமெரிக்கக் கப்பல்கள சந்திக்க முடியாம, மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமயே 1813 ஆரம்பத்துல கேப் ஹார்ன சுத்தி பசிபிக் உள்ள நுழைஞ்சாரு. அந்தக் கடலுக்குள்ள போன முதல் அமெரிக்கப் போர்க்கப்பல் அதுதான். அங்க பிரிட்டிஷ் திமிங்கிலக் கப்பல்கள் கேக்க ஆளில்லாம சுத்திட்டு இருந்துச்சு. ஒண்ணு ஒண்ணா புடிச்சாரு, மொத்தம் ஒரு டஜன். புடிச்ச கப்பல்லயே தன் ஆளுங்கள ஏத்தி அடுத்தத புடிக்கறது, அப்படியே சங்கிலி மாதிரி போச்சு. ஆபீசருங்க பத்தாம ஒரு கப்பலோட பொறுப்ப 12 வயசுப் பையன்கிட்ட குடுத்திருக்காரு. அந்தப் பையன் டேவிட் ஃபாரகட், பின்னாடி அமெரிக்க கடற்படையோட முதல் அட்மிரல்.

1813 ஜூலை நடுவுல பசிபிக்ல கலாபகோஸ் தீவுங்க பக்கம் மூணு கப்பல் ஒண்ணா கண்ணுல பட்டுச்சு. சார்ல்டன், நியூசீலாண்டர், செரிங்கபட்டம். போர்ட்டர் நடுவுல போனத துரத்தினாரு. செரிங்கபட்டத்த மடக்கினது எஸெக்ஸ் இல்ல, ஏற்கெனவே புடிச்ச கிரீன்விச்னு ஒரு திமிங்கிலக் கப்பல். அதுக்கு அன்னிக்கு கேப்டன் லெப்டினன்ட் ஜான் கேம்பிள், கடற்படை ஆபீசர் கூட கிடையாது, மரைன் படை (கப்பல்ல போற சிப்பாய்ப் படை) ஆளு, இருபத்திரண்டு வயசு வாக்குல இருக்கும். ரெண்டும் மாறி மாறி சுட்டுச்சு, செரிங்கபட்டம் கொடிய இறக்குச்சு, அப்புறம் நைசா நழுவப் பாத்துச்சு, எஸெக்ஸ் கிட்ட வந்ததும் அடங்கிடுச்சு. சண்டையில கப்பலுக்குக் கமாண்டரா இருந்த ஒரே அமெரிக்க மரைன் ஆபீசர்னு கேம்பிள் பேரு இன்னிக்கும் சொல்லறாங்க. ரெண்டு எண்ணெய்க் கப்பல் மோதிக்கிட்ட சண்டையில வாங்கின பேரு அது!

போர்ட்டருக்கு செரிங்கபட்டம் புடிச்சிருந்தது. மத்த கப்பல்லேருந்து பீரங்கிகள எடுத்து இதுல மாட்டி 22 ஆக்கினாரு.

பசிபிக்பூனை:
கலாபகோஸ்னு சொன்னதும் வாய சும்மா வச்சுக்க முடியல. திமிங்கிலக் கப்பல் எங்க இருக்குன்னு போர்ட்டருக்கு எப்படித் தெரிஞ்சது? ஃப்ளோரியானா தீவுல ஒரு பீப்பாய் இருந்துச்சு, தபால் பெட்டியா. அந்த வழியாப் போற திமிங்கிலக்காரங்க லெட்டர போட்டுட்டுப் போவாங்க, ஊருக்குத் திரும்பற கப்பல் எடுத்துட்டுப் போகும். போர்ட்டர் 1813 ஏப்ரல்ல ஆளனுப்பி அந்த லெட்டர்கள எடுத்துப் படிச்சாரு, யாரு எங்க, எத்தன பீப்பா எண்ணெய், எல்லாம் அதுல இருந்துச்சு. அடுத்தவன் லெட்டர படிக்கறது தப்புன்னு அவருக்கு யாரும் சொல்லல போல.

அந்தப் பக்கத்த திமிங்கிலக்காரங்களுக்கு அறிமுகப்படுத்தினதும் ஒரு பழைய போர்க்கப்பல்தான் தெரியுமா? ராட்லர். பிரிட்டிஷ் கடற்படையில சின்ன ஸ்லூப்பா இருந்தது, எண்டர்பி கம்பெனி வாங்கி திமிங்கிலத்துக்கு மாத்துச்சு. அதுலதான் ஜேம்ஸ் கோல்நெட் 1793, 94ல பசிபிக் போயி, கப்பல் நிக்க, தண்ணி எடுக்க தோதான இடம் எங்கெங்கன்னு பாத்து வரைபடம் போட்டாரு. போர்ட்டரும் அத வச்சுத்தான் அங்க சுத்தினாரு. ஆக செரிங்கபட்டம் இந்த வகையில முதல் கப்பலும் இல்ல, தனிக் கப்பலும் இல்ல.

ஆமை விஷயமும் சொல்லிடறேன். அந்தத் தீவு ஆமைங்க தீனி தண்ணி இல்லாம மாசக்கணக்குல உசுரோட இருக்கும், அதனால டன் கணக்குல புடிச்சு கப்பலுக்கு அடியில அடுக்கிடுவாங்க, வேணும்கறப்ப வெட்டிக்கறது. எஸெக்ஸும் பண்ணுச்சு, திமிங்கிலக் கப்பல் எல்லாமே பண்ணுச்சு. சில தீவுல இனமே அழிஞ்சதுக்கு இதுதான் ஆரம்பம்.

கோர்ட்டுவாசல்:
இதுல சட்டப்பக்கம் ஒண்ணு இருக்கு, யாரும் தொடல. செரிங்கபட்டத்தோட கேப்டன் வில்லியம் ஸ்டேவர்ஸ், புடிபடறதுக்கு முன்னாடி ஒரு அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல தானே புடிச்சிருந்தாரு. வியாபாரக் கப்பல் எதிரி நாட்டுக் கப்பல புடிக்கலாம், தப்பில்ல, ஆனா அதுக்கு ராஜாங்கம் குடுத்த அனுமதிப் பத்திரம் கையில இருக்கணும். போர்ட்டர் பத்திரத்தக் காட்டுன்னு கேட்டா ஸ்டேவர்ஸ்கிட்ட இல்ல, இனிமே வரும்னு நம்பி வேலைய ஆரம்பிச்சிட்டாரு மனுஷன். பத்திரம் இருந்தா போர்க்கைதி, இல்லாட்டி கடற்கொள்ளைக்காரன். போர்ட்டர் அவரு கைக்கு விலங்கு மாட்டி அமெரிக்காவுல விசாரிக்கட்டும்னு அனுப்பிட்டாரு. ஒரே வேலை, ஒரே கப்பல், ஒரே பீரங்கி, நடுவுல ஒரு காகிதம்தான் வித்தியாசம்.

கலகக் கதைய முதல்ல முடிங்க, அதுக்கப்புறம் இன்னொரு பாயிண்டு வச்சிருக்கேன்.

உப்புக்காத்து:
@கோர்ட்டுவாசல் வந்துட்டேன் சார்.

1813 அக்டோபர்ல போர்ட்டர் எல்லாத்தையும் கூட்டிட்டு பசிபிக் நடுவுல மார்க்கேசஸ் தீவுக் கூட்டத்துல நூக்கு ஹிவாங்கற தீவுக்குப் போனாரு. எஸெக்ஸ ரிப்பேர் பண்ணணும், எலியும் தொல்லை. அங்க கோட்டை கட்டி, தீவுக்கு அமெரிக்க ஜனாதிபதி மேடிசன் பேர வச்சு, நவம்பர்ல இது இனி அமெரிக்காவோடதுன்னு அறிவிச்சிட்டாரு. வாஷிங்டன்ல யாரும் கண்டுக்கல. உள்ளூர்க் குழுக்களுக்குள்ள இருந்த சண்டையிலயும் தலைய குடுத்து தைப்பி மக்களோட ஊர்கள எரிச்சாரு. அது அசிங்கமான கதை, சுருக்கமா விட்டுடறேன்.

டிசம்பர்ல எஸெக்ஸ எடுத்துட்டு சிலி பக்கம் கெளம்பறப்ப, நம்ம கேம்பிள மூணு கப்பலோட அங்கயே விட்டுட்டுப் போனாரு. செரிங்கபட்டம், கிரீன்விச், சர் ஆண்ட்ரூ ஹாமண்ட். கையில இருந்தது இருபத்துச் சொச்சம் ஆளும் ஆறு கைதியும். அந்த ஆளுங்கள்லயும் பல பேரு புடிச்ச கப்பல்லேருந்து அமெரிக்கா பக்கம் சேந்த பிரிட்டிஷ் மாலுமிங்க. போர்ட்டர் திரும்பி வரவே இல்ல. 1814 மார்ச் 28ல வால்பரைசோவுல பீபி, செருப்னு ரெண்டு பிரிட்டிஷ் கப்பல்கிட்ட எஸெக்ஸ் சரணடைஞ்சாச்சு. இது தீவுல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? மாசம் போகுது, சாப்பாடு குறையுது, உள்ளூர் ஆளுங்களுக்கும் இவங்க மேல இருந்த பயம் போயிடுச்சு.

1814 மே 7ந்தேதி செரிங்கபட்டத்துல வேலை பாக்க ஏறின கேம்பிள அவரோட ஆளுங்களே அமுக்கிட்டாங்க. கோட்டையில இருந்த பீரங்கிகளோட பத்தவைக்கற ஓட்டையில ஆணி அடிச்சு கெடுத்துட்டு, இங்கிலீஷ் கொடிய ஏத்திட்டு, கேம்பிளுக்கு குதிகால்ல ஒரு குண்டு, அப்புறம் ஓட்டைப் படகுல எறக்கி விட்டுட்டு கெளம்பிட்டாங்க. ரெண்டு நாள்ல உள்ளூர் ஆளுங்க தாக்கினதுல இன்னும் சில பேரு செத்தாங்க. மிஞ்சின ஏழெட்டு பேர வச்சு கேம்பிள் கிரீன்விச்ச கொளுத்திட்டு ஹாமண்ட்ல ஏறி ஹவாய் வரைக்கும் போனாரு, எத்தன பேருக்கு உடம்பு முடியலன்னு நினைக்கறீங்க, பாயக் கட்டவே ஆளில்ல. அங்க செருப் கப்பல் புடிச்சிடுச்சு.

செரிங்கபட்டம் ஜூலை 1ந்தேதி சிட்னி துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சது. 55 நாள்ல பசிபிக்கோட பாதியத் தாண்டியாச்சு. ஓட்டினவங்க ஒரு டஜனுக்குக் கொஞ்சம் மேல.

சும்மாபடிக்கிறவன்:
இத யாராச்சும் வெப் சீரிஸ் எடுங்கப்பா. கேம்பிள் பாவம்ங்க, அவரு சுட்டுப் புடிச்ச கப்பல்ல வச்சே அவர சுட்டு எறக்கி விட்டிருக்காங்க.

கோர்ட்டுவாசல்:
இப்ப என் பாயிண்டு. சிட்னிக்கு வந்த அந்த மாலுமிங்கள என்ன பண்றது? அமெரிக்காகாரன் பார்வையில கலகக்காரங்க, தூக்குல போடலாம். பிரிட்டன் பார்வையில எதிரிகிட்டேருந்து பிரிட்டிஷ் சொத்த மீட்டவங்க, வெகுமானம் தரணும். ஆனா அதுல சில பேரு எதிரிக்கு வேலை பாத்த பிரிட்டிஷ் பிரஜைங்க, அது தேசத்துரோகம். மூணும் ஒரே ஆளுக்குப் பொருந்தும்!

கப்பல் கதையும் சிக்கல்தான். அன்னிக்கு பிரிட்டிஷ் சட்டப்படி எதிரி புடிச்ச பிரிட்டிஷ் வியாபாரக் கப்பல யாராச்சும் மீட்டா, அத பழைய முதலாளிகிட்ட திருப்பிக் குடுக்கணும், மீட்டவனுக்கு மதிப்புல ஒரு பங்கு. கடற்படை மீட்டா எட்டுல ஒண்ணு, தனியார் மீட்டா ஆறுல ஒண்ணு. ஆனா ஒரு விதிவிலக்கு உண்டு. எதிரி அந்தக் கப்பல போர்க்கப்பலா மாத்தியிருந்தா முதலாளிக்கு உரிமை போச்சு, மீட்டவனுக்கே முழுசும். போர்ட்டர் 22 பீரங்கி ஏத்தினாரே, அந்தக் கணக்குப்படி கலகக்காரங்க பக்கம் வாதாட நல்ல கேஸு இருக்கு. நடந்தது என்னவோ முதலாளிக்கே திரும்பினதுதான். எபர் பங்கர்ங்கற கேப்டன் சிட்னியிலேருந்து இங்கிலாந்துக்கு ஓட்டிட்டுப் போனாரு. ஆஸ்திரேலியத் திமிங்கில வேட்டைக்கு அப்பான்னு சொல்லற ஆளு, பிறந்தது அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல. அமெரிக்காகிட்டேருந்து மீட்ட கப்பல அமெரிக்காவுல பொறந்தவரே கொண்டு போயி ஒப்படைச்சாரு.

திசைகாட்டி:
சார் இந்தக் கப்பலோட முகப்பு பொம்மை இன்னும் லண்டன்ல இருக்கு! கிரீன்விச்ல தேசிய கடல்சார் மியூசியத்துல. திப்பு ஒரு பெரிய பறவை மேல உக்காந்து கையில குடையோட இருக்கற மாதிரி, செம கலரு. கூகிள் பண்ணிப் பாருங்க.

தச்சன்மகன்:
@திசைகாட்டி பொம்மை உண்மை, கப்பல் வேற. அது எச்எம்எஸ் செரிங்கபட்டம், 46 பீரங்கி ஃபிரிகேட், பம்பாயில வாடியா குடும்பம் தேக்குல கட்டி 1819ல இறக்கினது. கட்டினப்பவே பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல். தோத்த ராஜாவோட உருவத்த ஜெயிச்சவன் கப்பல் மூக்குல மாட்டினான். மூணாவதா ஒரு செரிங்கபட்டமும் உண்டு, 1837ல லண்டன் பிளாக்வால்ல கட்டின பயணிகள் கப்பல், 818 டன், பாக்க ஃபிரிகேட் மாதிரியே இருக்கும்னு அந்த வகைக்கு பிளாக்வால் ஃபிரிகேட்னே பேரு. போர்க்கப்பல் வேஷம் போட்ட வியாபாரக் கப்பல்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எச்எம்எஸ் செரிங்கபட்டம் 1830ல வால்டக்ரேவ் கேப்டனா இருந்தப்ப பசிபிக்ல சுத்திட்டு இருந்துச்சு, அதே காலத்துல நம்ம பழைய செரிங்கபட்டமும் தெற்குக் கடல் எண்ணெய் வேட்டையிலதான் இருந்துச்சு. பழைய பேப்பர்ல வெறும் பேர மட்டும் பாத்துட்டு எது எதுன்னு முடிவு பண்ணினா மாட்டிக்குவீங்க. டன்னப் பாருங்க, கேப்டன் பேரப் பாருங்க.

மைசூர்பாகு:
அதாவது திப்புவோட தலைநகர் பேருல வெள்ளைக்காரன் மூணு கப்பல் ஓட்டியிருக்கான், திப்புவுக்கு ஒரு கப்பல் இருந்துச்சுன்னு சொன்னா மட்டும் ஆதாரம் கேக்கறாங்க. சரி விடுங்க. தேக்கு பத்தி சொல்லுங்க தச்சரே, அறுபது வருஷம் எப்படித் தாங்குச்சு? இங்கிலீஷ் ஓக் கப்பல் அவ்ளோ நாள் ஓடாதே.

தச்சன்மகன்:
ஓக்குல புளிப்புச் சத்து ஜாஸ்தி, இரும்பு ஆணி அடிச்சா நாளாவட்டத்துல ஆணியே கரைஞ்சு ஓட்டை பெருசாயிடும். தேக்குல இருக்கற எண்ணெய் இரும்ப காப்பாத்தும். உளுத்துப் போறது கம்மி, கப்பல் புழுவும் ஓக்குல குடையற மாதிரி சீக்கிரம் குடையாது. புழுவுக்குன்னு அடியில செப்புத் தகடும் அடிப்பாங்க, ரெண்டும் சேந்தா வெப்பக் கடல்ல வருஷக் கணக்குல கெடந்தாலும் கவலையில்ல. பலகை இடுக்குல கலப்பத்து பாக்கறத (தண்ணி புகாம நார் அடைக்கறத) மட்டும் விடாம பண்ணிட்டு வந்தா போதும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்குதான் இதுல ராஜா, கனரா, மலபார் காடு. 1799க்கு அப்புறம் அந்தக் காடு மொத்தமும் கம்பெனி கைக்கு வந்துச்சு, பம்பாய்க் கப்பல் தளத்துக்கு மரம் அங்கேருந்துதான் போச்சு. ஊர விட காட்ட புடிச்சதுலதான் அவனுக்கு லாபம்னு நான் சொல்லுவேன்.

திசைகாட்டி:
நெப்போலியன் சண்டை முடிஞ்சதும் பிரிட்டிஷ் கடற்படை நூத்துக்கணக்குல கப்பல வித்துச்சே, அதெல்லாமும் இப்படி வியாபாரத்துக்கு வந்துச்சா?

கோர்ட்டுவாசல்:
சின்னது வந்துச்சு, ஸ்லூப்பு, பிரிக்கு மாதிரி. சில திமிங்கிலத்துக்குப் போச்சு, சில சரக்கு ஏத்துச்சு. பெருச வாங்கணும்னா கடற்படை ஒரு கொக்கி வச்சிருந்தது, ஒரு வருஷத்துக்குள்ள ஒடைச்சுப் போடறேன்னு ரெண்டு ஜாமீனோட 3,000 பவுண்டுக்கு பத்திரம் எழுதிக் குடுக்கணும். இன்னிக்கு வித்தது நாளைக்கு எதிரி கொடியோட திரும்பி வந்துடக்கூடாதுல்ல. செரிங்கபட்டம் கதையே அதுக்கு உதாரணம், எண்ணெய்க் கப்பல்ல நாலு பீரங்கி கூட ஏத்தினா போதும், எதிரிக்கு ரெடிமேட் போர்க்கப்பல்.

ஏட்டுச்சுவடி:
இழைய முதல்லேருந்து திரும்பப் படிச்சேன். ஒண்ணு தோணுது. தலைப்புல "போர்க்கப்பல்"னு போட்டிருக்கோம், திப்பு கட்டினாருன்னே வச்சுக்குவோம். ஆனா அவரு கொடியோட அது ஒரு சண்டைக்கும் போகல, போக நேரமே இல்ல. இது நிஜமா ஒரு நாட்டு கடற்படையில வேலை பாத்தது 1813 ஜூலையிலேருந்து 1814 மே வரைக்கும், பத்து மாசம், அதுவும் அமெரிக்கக் கொடியில, அதுல பாதிக்கு மேல ஒரு தீவுல நங்கூரம் போட்டு சும்மா நின்னுட்டு இருந்துச்சு. மிச்ச ஐம்பது சொச்சம் வருஷம் எண்ணெயும் சரக்கும். திமிங்கிலக் கப்பல்னு சொல்லறதுதான் நியாயம். ஆனா யாரு அப்படி நினைவு வச்சிருக்கோம்? போர்ட்டர் புத்தகம் இல்லன்னா நாம இந்த இழையே போட்டிருக்க மாட்டோம்.

உப்புக்காத்து:
@ஏட்டுச்சுவடி பத்து மாசம் கணக்கு நான் யோசிக்கல, ஆனா தலைப்ப மாத்த மாட்டேன், "திமிங்கிலக் கப்பல் திமிங்கிலம் புடிச்ச கதை"ன்னு போட்டா ஒருத்தனும் உள்ள வந்திருக்க மாட்டான், நீங்க உட்பட.

கடைசிக் காலம் பத்தி இன்பாக்ஸ்ல கேட்டிருந்தாங்க. 1815க்கு அப்புறம் ஒம்போது பயணம் வரைக்கும் திமிங்கிலத்துக்குப் போயிருக்கு. 1840கள்ல பிரிட்டிஷ் வேட்டையே படுத்துடுச்சு. வேட்டைக்கு அரசாங்கம் குடுத்த மானியம் 1824லயே நின்னாச்சு, வெளிநாட்டு எண்ணெய் மேல இருந்த வரிய 1840கள்ல குறைச்சாங்க, அமெரிக்காகாரன் மலிவா எண்ணெய் இறக்கினான், திமிங்கில எண்ணெயில எரிஞ்ச தெருவிளக்கெல்லாம் கேஸுக்கு மாறிடுச்சு. அப்பதான் இதுவும் சரக்குக்கு வந்துச்சு. அதாவது தச்சன்மகன் சொன்ன அந்த ஒடுக்கமான வயித்த வச்சுக்கிட்டு கடைசி பதினாலு வருஷம் வாக்குல மூட்டை சுமந்திருக்கு.

சும்மாபடிக்கிறவன்:
இந்த மாதிரி தேக்குக் கப்பல் ஒண்ணாவது இப்ப நேர்ல பாக்க முடியுமா? இங்கிலாந்து போற வாய்ப்பு இருக்கு, ஆபீஸ் வேலையா.

தச்சன்மகன்:
ஹார்ட்டில்பூல் போங்க தம்பி, வடகிழக்கு இங்கிலாந்து. எச்எம்எஸ் ட்ரிங்கோமாலி நிக்குது, நம்ம திருகோணமலை பேருதான். 1817ல பம்பாயில ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா கட்டினது, முழுக்க தேக்கு, இன்னும் தண்ணியில மிதக்குது. அதோட வரைபடத்த இங்கிலாந்துலேருந்து அனுப்பினப்ப எடுத்துட்டு வந்த ஜாவாங்கற கப்பல 1812 டிசம்பர்ல அமெரிக்காகாரன் சுட்டுக் கொளுத்திட்டான், திரும்ப வரைபடம் வந்து சேந்தப்புறம்தான் வேலை ஆரம்பிச்சது. உள்ள போனீங்கன்னா பீரங்கித் தளத்துல குனிஞ்சு நடங்க, உத்தரம் தலையில இடிக்கும். லண்டன்லேருந்து ரயிலு இருக்கு, ஒரு நாள்ல போயிட்டு வந்துடலாம்.